நாற்பதுக்குப் பிறகு நர்ஸ் பிராக்டிஷனர்: முதலில் வயதைக் கணக்குப் போடுங்கள்

(தருமபுரி மாவட்டத்தில், சில ஆண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் பணிக்குத் திரும்ப விரும்பும் செவிலியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதைக் கைப்பேசியில் படிக்கிற உங்களில் பலர் ஒரு காலத்தில் நர்ஸ் யூனிஃபார்ம் போட்டவர்கள். தருமபுரியிலோ சேலத்திலோ பெங்களூருவிலோ ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்தீர்கள். நாலைந்து வருடம் ஏதோ ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தீர்கள். அப்புறம் கல்யாணம், குழந்தைகள், மாமியாருக்கு உடம்பு சரியில்லை. இப்போது வயது 42, 44, 46. மூத்த பெண் பிளஸ் டூ படிக்கிறாள். பீரோவில் சான்றிதழ் இருக்கிறது, கையில் சம்பளம் இல்லை. இந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது: "நர்ஸ் பிராக்டிஷனர் ஆகுங்கள், கை நிறையச் சம்பளம்!" போகலாமா, வேண்டாமா? இன்றைக்கு நாம் பேசப்போவது அதைத்தான்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் யார்? டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் செய்வதோடு நிற்காமல், நோயாளியைத் தானே பரிசோதித்து, வகுக்கப்பட்ட நெறிமுறைக்குள் தானே முடிவெடுத்து, தேவைப்பட்டால் மேல் சிகிச்சைக்கு அனுப்பும் அளவுக்குக் கூடுதலாகப் படித்த செவிலியர். 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற பொது சுகாதாரச் செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இதற்கான முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். கிராமங்களில் டாக்டர் கிடைக்கவில்லை, செவிலியர் இருந்தார்; அதுதான் காரணம். நம்ம தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து உருவானதும் அதே 1965-இல்தான், அக்டோபர் 2-ஆம் தேதி. இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். அந்தப் பயிற்சியைத் தொடங்கியபோது ஃபோர்டு அம்மாவுக்கு வயது 44. உங்கள் வயதுதான்.

இங்கே நம் நாட்டில் நிலைமை என்ன? 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, செவிலியர் பற்றாக்குறையைப் போக்க நர்ஸ் பிராக்டிஷனர் போன்ற பணி நிலைகளை உருவாக்க வேண்டும் என்று சொன்னது. நடைமுறையில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. இது இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்க வேண்டும், பணி அனுபவமும் வேண்டும். ரெசிடென்சி முறை என்பதால் வகுப்பறையில் இருப்பதைவிட ஐ.சி.யு.வில் நிற்கும் நேரம்தான் அதிகம். இரண்டாவது, மகப்பேறு நர்ஸ் பிராக்டிஷனர். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட மகப்பேறு பராமரிப்பு வழிகாட்டு நெறிமுறைகளின்படி வந்தது. 18 மாதப் பயிற்சி. இதற்கு ஜி.என்.எம். முடித்தவர்களும் வரலாம், ஆனால் பிரசவம் பார்த்த அனுபவம் இரண்டு ஆண்டாவது இருக்க வேண்டும்.

நர்சிங்கே படிக்காதவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஜி.என்.எம். சேர அதிகபட்ச வயது 35. நாற்பதில் புதிதாக இந்தத் துறைக்குள் நுழைய யாராவது வழி இருக்கிறது என்று பணம் கேட்டால், கொடுக்காதீர்கள்.

சரி, படித்தவர்களுக்கு வருவோம். இந்த இரண்டு படிப்பையும் தவிர நம் மாவட்டத்திலேயே, கையில் சம்பளத்தோடு, கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிற ஓர் இடம் இருக்கிறது. துணை சுகாதார நிலையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளர். எம்.எல்.ஹெச்.பி. என்று சொல்வார்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். 2004 வரை அதுவும் நம்ம தருமபுரி மாவட்டம்தானே! அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களின் வேலைக்குத் துணை நிற்பவர்களில் எம்.எல்.ஹெச்.பி.யும் ஒருவர்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏரியூர் பக்கம் ஒரு கிராமம், அல்லது சித்தேரி மலையில் ஒரு குக்கிராமம். அறுபது வயதுப் பெரியவர் வருகிறார். தலை சுற்றுது என்கிறார். நீங்கள்தான் ரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், சர்க்கரை பார்க்கிறீர்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேட்கிறீர்கள். "ரெண்டு மாசமா கரும்பு வெட்டப் போயிட்டேன்மா, மாத்திரை தீந்துபோச்சு" என்கிறார். ஏற்கெனவே டாக்டர் எழுதியதைத் தொடரலாமா, இ-சஞ்சீவனியில் டாக்டரைத் தொடர்புகொள்ள வேண்டுமா, இப்போதே 108-ஐக் கூப்பிட வேண்டுமா என்ற முடிவை அந்த அறையில் நீங்கள்தான் எடுக்கிறீர்கள். பக்கத்தில் டாக்டர் இல்லை. லொரெட்டா ஃபோர்டு செய்ய நினைத்ததும் இதுதான். பெயர்ப் பலகையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று இருக்காது, அவ்வளவுதான். இந்த வேலைக்கு 25 வயதுப் பெண்ணைவிட, வீட்டில் ஒரு சர்க்கரை நோயாளியைப் பத்து வருடம் பார்த்துக்கொண்ட 44 வயதுக்காரர் பல நேரம் நன்றாகப் பொருந்துவார் என்பது என் எண்ணம்.

இனி பணக் கணக்கு. இதில் கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள்.

எம்.எல்.ஹெச்.பி. பணிக்கு மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலம் ஆள் எடுக்கிறார்கள். தொகுப்பூதியம் மாதம் 18,000 ரூபாய் என்று அறிவிப்புகள் வந்திருக்கின்றன. வயது வரம்பு 50 என்று பல அறிவிப்புகளில் இருக்கிறது; ஒவ்வொரு அறிவிப்பிலும் அந்த வரியைத் தனியாகப் படியுங்கள். அதோடு கீழே இன்னொரு வரி இருக்கும்: பணி முற்றிலும் தற்காலிகமானது, பணி நிரந்தரம் கோர முடியாது. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். மாதச் சம்பளம் உண்டு, மரியாதை உண்டு, அனுபவம் உண்டு. ஓய்வூதியம் தானாக வரும் என்று நினைத்துவிடக் கூடாது. அதை நீங்கள்தான் வெளியே கட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது படிப்புப் பக்கம். தீவிர சிகிச்சைப் படிப்புக்குக் கட்டணம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கட்டணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. மாதம் 18,000 சம்பாதிக்கக்கூடியவர் இரண்டு ஆண்டு முழுநேரமாகப் படிக்கப் போனால், இழக்கும் சம்பளம் 4 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய். படித்து முடித்தபின் மாதம் 6,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இழந்ததை மட்டும் திரும்ப எடுக்க 72 மாதம், அதாவது ஆறு வருடம். 34 வயதில் சேர்ந்தவர் 42-இல் கணக்கை நேர் செய்துவிடுவார். அதன்பிறகு வருவதெல்லாம் லாபம். 46 வயதில் சேர்ந்தால் 54 ஆகிவிடும். இதில் கல்விக் கட்டணமும் நகைக்கடன் வட்டியும் சேர்க்கவே இல்லை. அதனால் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: நாற்பதைத் தாண்டிய பிறகு, வேலையை விட்டுவிட்டு, நகையை அடகு வைத்து முழுநேரப் படிப்புக்குப் போகாதீர்கள். ரெசிடென்சி காலத்தில் சம்பளமோ உதவித்தொகையோ தருவதாக நிர்வாகம் எழுத்தில் கொடுத்தால் கணக்கு மாறும். வேலையில் இருந்துகொண்டே, சம்பளத்தோடு அனுப்பப்படும் பயிற்சி என்றால் தாராளமாகப் போங்கள்.

அடுத்து 58 என்ற எண். தனியார் மருத்துவமனையில் சேர்ந்து பி.எஃப். பிடித்தார்கள் என்றால், அதற்குள்ளேயே ஓய்வூதியத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. அதில் மாத ஓய்வூதியம் பெற மொத்தம் 10 ஆண்டு சேவை வேண்டும். ஓய்வூதிய வயது 58. ஆக, இதுவரை ஒரு நாள்கூட பி.எஃப். இல்லாதவருக்கு 48-ஆவது பிறந்தநாள் முக்கியமான நாள். அதற்குள் சேர்ந்தால்தான் 58-க்குள் பத்தாண்டு நிறையும். கணக்கு எளிது: ஓய்வூதியத்துக்கான சம்பளத்தை (உச்ச வரம்பு 15,000) சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 45-இல் சேர்ந்தால் 13 ஆண்டு. மாதம் ஏறக்குறைய 2,785 ரூபாய். "இவ்வளவுதானா?" என்று கேட்பீங்க. இவ்வளவுதான். ஆனால் பி.எஃப். தொகை அதற்கு மேல் தனி. 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 1,800, நிர்வாகத்தின் பங்கில் மீதி 550, மாதம் 2,350. இப்போதைய 8.25 சதவீத வட்டி நீடித்தால், 13 ஆண்டில் 6 லட்சம் ரூபாயைத் தாண்டும். பெண் கல்யாணத்துக்கு என்று நடுவில் எடுக்காமல் இருந்தால்!

இங்கேதான் உங்கள் பழைய வேலை கைகொடுக்கப்போகிறது. 2008-இல் ஓசூரில் நாலு வருடம் வேலை பார்த்தீர்களே, அப்போது பி.எஃப். பிடித்தார்களா? அதைத் திரும்ப எடுக்காமல் விட்டிருந்தால் அந்த நாலு வருடமும் இப்போதைய சேவையோடு சேரும். 13 ஆண்டு 17 ஆகும். 2,785 என்பது 3,642 ஆகும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப்.பில் சேருபவரின் அடிப்படைச் சம்பளம் 15,000-ஐத் தாண்டினால் அவருக்கு ஓய்வூதியத் திட்டமே கிடையாது. முழுத் தொகையும் வைப்பு நிதிக்கே போகும். அதற்கு முன்பே உறுப்பினராக இருந்து பணத்தை எடுக்காதவருக்கு அந்தத் தடை இல்லை. பழைய சம்பளச் சீட்டு ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தால் இன்று ராத்திரியே எடுத்து வையுங்கள். அதில் இருக்கும் பழைய பி.எஃப். எண்ணை இப்போதைய யு.ஏ.என். எண்ணோடு இணைக்க வேண்டும். உமங் செயலியில் பாஸ்புக் பார்க்கலாம். ஆதாரில் உள்ள பெயரும் பழைய பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் அங்கேதான் மாட்டும். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்து, பின் கணவர் பெயரின் முதலெழுத்து என்று மாறியிருக்கும். சேரப்போகும் மருத்துவமனையின் அலுவலகத்தில் கேட்டுத் திருத்த விண்ணப்பம் போடுங்கள். பழைய பணத்தை எடுத்து இப்போதைய கடனை அடைத்துவிடலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வேலை கேட்கப் போகும்போது "சம்பளம் எவ்வளவு?" என்ற கேள்வியோடு "பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா?" என்பதையும் கூச்சமில்லாமல் கேளுங்கள். 20 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு பி.எஃப். பொருந்தும், ஈ.எஸ்.ஐ.க்கு 10 பேர் போதும். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, 18,000-க்கு உங்களிடம் பிடிப்பது 135 ரூபாய்தான், குடும்பத்துக்கே மருத்துவம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். நீங்கள் 18,000 சம்பளத்துக்குப் போனாலே ஆண்டுக்கு 2,16,000 ஆகிவிடும். மருத்துவச் செலவுக்கு மாற்று ஏற்பாட்டை முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும். மகளிர் உரிமைத்தொகைக்கு வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். 2023 ஜூலையில் நம்ம தொப்பூரில்தான் அதற்கான விண்ணப்பப் பதிவு முகாம் தொடங்கியது, பலருக்கு ஞாபகம் இருக்கும். கணவர் வருமானமும் சேர்ந்தால் அந்த வரம்பைத் தாண்டலாம். மாதம் 1,000 போய்விடுமே என்று 18,000 சம்பளத்தை விட்டவர்கள் யாரும் இருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஒப்பந்தப் பணியில் சேர்பவர்கள் வெளியே சேமிக்க வேண்டும் என்றேன் இல்லையா? அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர 40 வயதுதான் எல்லை. தாண்டியவர்கள் அதை மறந்துவிடலாம். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இப்போதும் சேரலாம். எனக்குப் பிடித்தது அஞ்சலகத்தில் பி.பி.எஃப். கணக்கு. 15 ஆண்டு பூட்டு என்று எல்லோரும் குறை சொல்வார்கள். 45 வயதுக்காரருக்கு அந்தப் பூட்டே நல்லது, 60 வயது வாக்கில் திறக்கும். மாதம் 2,000 போட்டால், இப்போதைய 7.1 சதவீத வட்டி தொடர்ந்தால், கட்டியது 3 லட்சத்து 60 ஆயிரம், கைக்கு வருவது சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம். வேலைக்குப் போக டவுன் பஸ்ஸில் விடியல் பயணத்தில் டிக்கெட் இல்லை. அந்தப் பஸ் காசை அப்படியே இதில் போட்டாலும் பாதி தேறும். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு ஆண்டுக்கு 436 ரூபாய், 2 லட்சம் காப்பீடு. 50 வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். வங்கிக் கணக்கு இருக்கும் கிளையில் ஒரு படிவம், முடிந்தது.

இத்தனைக்கும் அடிப்படை, நர்சிங் கவுன்சில் பதிவு. அது காலாவதியாகி இருந்தால் எம்.எல்.ஹெச்.பி.யும் இல்லை, நர்ஸ் பிராக்டிஷனரும் இல்லை. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் உங்கள் பதிவு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டில் ஆதாரோடு இணைந்த தனி எண் வாங்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர் கல்வி என்பது கவுன்சில் வகுத்த அளவு. இடைவெளி விட்டவர்கள் இதில்தான் திணறுகிறார்கள். கவுன்சில் ஏற்கும் வகுப்புதானா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள். பெங்களூருவில் படித்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. கர்நாடகப் பதிவு மட்டும் வைத்துக்கொண்டு இங்கே விண்ணப்பித்தால் தள்ளுபடிதான். அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும். அறிவிப்பு வந்தபிறகு ஓடினால் கடைசித் தேதி போய்விடும். அறிவிப்பு வராத இந்த நேரத்திலேயே செய்து முடியுங்கள்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரில் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நர்சிங் சான்றிதழ் தொலைந்திருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் ஆவணம் தொலைந்த அறிக்கை பதிவு செய்துவிட்டு, அதை வைத்து நகல் கேளுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இ-சேவையில். எம்.எல்.ஹெச்.பி. அறிவிப்பு தருமபுரி மாவட்ட அரசு இணையதளத்தில் ஆள்சேர்ப்புப் பகுதியில் வரும். வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்குங்கள். தனியார் வேலைக்குத் தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம் இருக்கிறது.

"மேடம், இந்தப் போஸ்ட்டுக்கு ரெண்டு லட்சம் கொடுத்தா வாங்கித் தரேன்னு ஒருத்தர் சொல்றாரு" என்று கேட்காத கூட்டமே இல்லை. அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதேபோல், "ஆறு மாதத்தில் ஆன்லைனில் நர்ஸ் பிராக்டிஷனர் டிப்ளமோ" என்று வரும் விளம்பரத்தைப் பார்த்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் படிப்பைக் கூடுதல் தகுதியாக நம் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா? இரண்டு ஆண்டும் 18 மாதமும் நேரில் பயிற்சி எடுக்க வேண்டிய தகுதியைக் கைப்பேசியில் ஆறு மாதத்தில் யாராலும் தர முடியாது. ஏற்கெனவே ஆன்லைனில் பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

மகப்பேறு நர்ஸ் பிராக்டிஷனர் ஆக ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் இன்னொன்று. அதற்குப் பிரசவ அறை அனுபவம் வேண்டும் என்றேன். ஆகவே இப்போது வேலையில் சேரும்போதே லேபர் வார்டு கேளுங்கள். இரவுப் பணி அதிகம், வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பணிச் சான்றிதழ் வாங்கும்போது "ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்தார்" என்று பொதுவாக எழுதித் தருவார்கள், அது போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பிரசவ அறையில் பணி என்று பிரித்து எழுதி, மருத்துவமனை முத்திரையோடு வாங்குங்கள். பழைய மருத்துவமனையிலும் லேபர் வார்டில் இருந்திருந்தால் அங்கேயும் போய், அப்போதைய நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஓய்வு பெறுவதற்குள் அந்தக் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.